மூன்றாவது வரிசையில் நிற்பவர்

பிப்ரவரி 4

வாலுக்கு,

பதினோரு தடவை போன் அடித்துவிட்டேன். எடுக்க மாட்டேன் என்கிறாய். மெசேஜ் போட்டால் நீ பார்த்துவிட்டாய் என்று காட்டுகிறது, பதில்தான் வரவில்லை. கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறவள் கூரியரில் வந்ததைப் பிரிக்காமல் இருக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

உன் அண்ணன் காணாமல் போய் இந்த மாதத்தோடு ஏழு வருஷம் முடிகிறது. ஷூட்டிங் முடிந்து துணை நடிகர்களை ஏற்றி வந்த வேன் ஆற்றில் விழுந்தது. ஒன்பது பேரை எடுத்தார்கள். அவரையும் மேக்கப்காரரையும் எடுக்கவில்லை. உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், தெரியும். வக்கீலுக்கும் ஆபீசுக்கும் எழுதி எழுதி, யாருக்கு எழுத உட்கார்ந்தாலும் இப்போதெல்லாம் கை இதைத்தான் முதலில் எழுதுகிறது.

ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி அவருடைய சொந்தக்காரர்களுக்கு எந்தத் தகவலும் இல்லை என்றால், இறந்தவராக அறிவிக்கலாமாம். சொந்தம் என்று அவருக்கு மிச்சம் இருப்பது நான், மகள், நீ. மகளுக்கு ஒன்பது வயது, அவள் கையெழுத்து செல்லாது. உன் கையெழுத்து இல்லாமல் மனு நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச் இருபதாம் தேதி ஹியரிங்.

இப்போது என்ன அவசரம் என்று கேட்பாய். வேறு யார் வாயாலோ உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் பல் செட் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். மகளுக்கு அவரைப் பிடிக்கும். பதிவு ஆபீசில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். உன் அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு பேப்பர் சொல்லாமல் அது நடக்காது.

கோபப்படுவாய். தாராளமாகப் படு. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படு.

அண்ணி

---

பிப்ரவரி 12

அண்ணி,

போன் எடுக்காதது திமிர் இல்ல. எடுத்தா வாயில வந்துடும்னு பயம். இப்போ எழுத்துல வரப்போகுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னால கையெழுத்துப் போட முடியாது. பல் செட்காரர் மேல எனக்கு என்ன பகை? அவர் நல்லா இருக்கட்டும். ஆனா படிவத்துல 'எந்தத் தகவலும் இல்லை'ன்னு அச்சடிச்சிருக்கு. எனக்குத் தகவல் இருக்கே. நான் அண்ணனைப் பார்த்தேன்.

இருங்க, கிழிச்சுப் போட்டுடாதீங்க. முழுசாப் படிங்க.

நான் என்ன பண்றவன்னு உங்களுக்குத் தெரியும். ஏழு கழுதை வயசாகியும் ஒரு ஹீரோவுக்கு ரசிகையா இருந்துகிட்டு, டிவிடி டிவிடியா வாங்கி, கம்ப்யூட்டர்ல இறக்கி, துண்டு துண்டா வெட்டி, ஏதாவது பாட்டுக்கு ஒட்டி ஊருக்குக் காட்டுறவ. நீங்களே எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கீங்க. அண்ணன் போனப்புறம் ஹீரோவுக்குப் பண்றதை விட்டுட்டேன். இது யாருக்கும் தெரியாது. இப்போ அண்ணன் வீடியோ ஒண்ணு பண்றேன். அதுல அண்ணன்தான் ஹீரோ. எந்தெந்தப் படத்துல கூட்டத்துல நின்னாரோ அத்தனையும் தேடி வாங்குறேன். கல்யாண வீட்டுக் கூட்டம், கோர்ட் கூட்டம், பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வராண்டா. ஒரு படத்துல ரெண்டு செகண்ட் கிடைக்கும், இன்னொண்ணுல மூணு. சிலதுல முதுகு மட்டும்தான். முதுகுன்னாலும் நம்ம முதுகாச்சே, எடுத்து வச்சுக்கிறேன்.

போன மாசம் ஒரு புதுப்படம் கைக்கு வந்தது. அண்ணனைத் தேடி வாங்கினதில்ல, ஆபீஸ்ல ஒரு அக்கா பார்த்துட்டுக் கொடுத்தாங்க. அந்தப் படத்தை எடுத்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது. ஐம்பத்தி மூணாவது நிமிஷத்துல ஒரு கட்டடம் தீப்பிடிக்கும். கீழே கூட்டம் நின்னு அண்ணாந்து பார்க்கும். மூணாவது வரிசையைப் பாருங்க. மஞ்சள் கட்டம் போட்ட சட்டை.

அண்ணி, சத்தியமா அது அண்ணன். இடது புருவத்துல தழும்பு இருக்கு. டிபன் டப்பா மூடியைத் தூக்கி எறிஞ்சு அந்தத் தழும்பைப் போட்டதே நான்தான். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா?

படம் எடுத்தப்போ வேன் விழுந்து அஞ்சு வருஷம் ஆயிருக்கு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல. டிவிடியை இதோட அனுப்பறேன். நீங்களே பாருங்க.

வாலு

---

பிப்ரவரி 19

வாலு,

படித்ததும் வந்த ஆத்திரத்துக்கு உன் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். நல்ல வேளை, நீ எட்டாத தூரத்தில் இருக்கிறாய்.

அது அவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகளை டிராயிங் கிளாசுக்கு அனுப்பிவிட்டு டிவியில் போட்டேன். நீ சொன்ன இடத்தில் நிறுத்தினேன். மஞ்சள் கட்டம் போட்ட சட்டை, சரி. தழும்பு, அதுவும் சரி. ஆனால் வலது புருவத்தில் இருக்கிறது. நம் பார்வைக்கு வலது என்று சொல்லவில்லை, அந்த ஆளுடைய வலது. இந்தக் குழப்பம் எனக்கு வராது. பதினாலு வருஷமாக எக்ஸ்ரே ரூமில் நிற்கிறேன். இடதா வலதா என்று ஈயத்தில் செய்த எழுத்தை வைத்த பிறகுதான் பட்டனையே தொடுவேன். படத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டு நல்ல காலுக்குக் கட்டுப் போட்ட கதையெல்லாம் எங்களுக்கு முதல் வாரப் பாடம்.

ஆகவே அது வேறு யாரோ. இதோடு முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஆனா உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நான் டிவியை அணைக்கல. அப்படியே நிறுத்தி வச்சுட்டு சமைக்கப் போனேன். வெங்காயம் நறுக்கும்போது முதுகுல யாரோ பார்க்கிற மாதிரி குறுகுறுன்னு இருந்தது. அந்த ஆள் மேலே பார்க்கிறான், என்னைப் பார்க்கலன்னு தெரியும். தெரிஞ்சும் பாத்திரத்தைச் சத்தம் வராம வச்சேன். பல் செட்காரர் போன் பண்ணினப்போ பால்கனிக்குப் போய் கதவைச் சாத்திட்டுப் பேசினேன். என் வீட்ல நான் ஏன் திருட்டுத்தனமா பேசணும்? பைத்தியம் பிடிச்சிருக்கு எனக்கு.

மகள் வந்ததும் பையைக்கூட இறக்கல. "யாரும்மா அது?"ன்னா. "எது?"ன்னு கேட்டேன். "மூணாவது வரிசையில நிக்கிறவர்." ஸ்க்ரீன்ல நாப்பது பேர் நிக்கிறாங்க. நான் யாரையும் காட்டல.

ஓடிப்போய் டிவியை அணைச்சேன்.

டிவியில நிறுத்தினா படம் கோடு கோடா ஆடுது. முகம் ரெண்டு ரெண்டா தெரியுது. நீ கம்ப்யூட்டர்ல சுத்தமா எடுப்பியே, அது எப்படின்னு எழுது. அது வலது புருவம்தான்னு உனக்குக் காட்டுறதுக்குத்தான் கேட்கிறேன். வேற எதுக்கும் இல்ல.

அண்ணி

---

பிப்ரவரி 25

அண்ணி,

கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றேன், பொறுமையா கேளுங்க.

டிவிடிக்குள்ள படம் ஒரே கோப்பா இருக்காது. தடித்தடியா அஞ்சாறு துண்டா இருக்கும். முதல்ல அதை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுவரணும். அதை அப்படியே வெட்ட உட்காராதீங்க, வழுக்கும். டிவிடியில இடம் பத்தாதுன்னு எல்லா ஃப்ரேமையும் முழுசா வச்சிருக்க மாட்டாங்க. ஒண்ணை முழுசா வச்சுட்டு, அடுத்ததுல என்ன மாறியிருக்கோ அதை மட்டும் குறிச்சு வச்சிருப்பாங்க. அதனால மாத்துற புரோகிராம்ல போட்டு, ஒவ்வொரு ஃப்ரேமும் தனியா முழுசா நிக்கிற மாதிரி மாத்திக்கணும். கோப்பு பெருசாகும், பரவாயில்ல. அப்போதான் நினைச்ச இடத்துல கத்தி இறங்கும்.

முகம் ரெண்டா தெரியுதுன்னீங்களே, அது உங்க கண் கோளாறு இல்ல. டிவிக்காகச் செஞ்ச படத்துல ஒரே ஃப்ரேமுக்குள்ள ரெண்டு நேரம் இருக்கும். ஒண்ணுவிட்டு ஒரு கோடு இந்தக் கணம், மிச்சக் கோடு அடுத்த கணம். ஓடும்போது தெரியாது. நிறுத்தினா ரெண்டும் சேர்ந்து நிக்கும், சீப்புப் பல் மாதிரி. அதைச் சரி பண்ண ஒரு பெட்டி இருக்கும், டிக் போட்டுடுங்க. அப்படியும் ஷாட் மாறுற இடத்துல முந்தின ஷாட்ல இருந்தவங்களோட முகம் அடுத்த ஷாட்ல ஒரு ஃப்ரேம் தங்கிடும். ஆள் போயிருப்பாங்க, முகம் மட்டும் லேசா நிக்கும். எங்க ரசிகர் குழுவுல அதுக்குப் பேய்னே பேர். பார்த்தா பயந்துடாதீங்க.

நான் மாத்தி வச்ச கிளிப்பையும் பென் டிரைவ்ல போட்டு அனுப்பறேன். எழுபத்தி நாலு ஃப்ரேம், மூணு செகண்ட். என் ஸ்க்ரீன்ல தழும்பு இடது புருவத்துலதான் இருக்கு. நீங்க எப்படி வலதுன்னு சொல்றீங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. பார்க்கவே கூடாதுன்னு முடிவு கட்டிட்டு உட்கார்ந்தா இடதும் வலதாத்தான் தெரியும்.

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிட்டேன், அடிக்க மாட்டேன்.

வாலு

---

மார்ச் 8

வாலு,

இடதுதான்.

உன் கிளிப்புல இடது. என் டிவியில வலது. அதே சட்டை, அதே ஆள், அதே மூணு செகண்ட். ரெண்டையும் மாறி மாறிப் பார்த்து எனக்குத் தலையைச் சுத்திக்கிட்டு வந்துடுச்சு.

என்கிட்ட கம்ப்யூட்டர் ஏது? பல் செட்காரரோட லேப்டாப்தான். எதுக்குன்னு சொன்னேன், மறைக்கல. அவரே புரோகிராமை ஏத்திக் கொடுத்து, மவுஸை என் பக்கம் தள்ளிட்டு, "பார்க்காம விட்டா அதுவே பின்னால வந்துக்கிட்டு இருக்கும், பார்த்துடு"ன்னார். சொல்லிட்டு மகளைக் கூட்டிக்கிட்டுப் பூங்காவுக்குப் போயிட்டார்.

நீ சொன்னபடி பண்ணினேன். ரெண்டு முகம் ஒரு முகமாச்சு. ஆகாமலே இருந்திருக்கலாம். அவர் கழுத்தைச் சொறியற விதம் இருக்கே, ரெண்டு விரலை மடக்கி, அது வேற யாருக்கும் வராது. அதை ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்திப் பார்த்தேன். பட்டனை அமுக்கினா விரல் அசையுது, விட்டா நிக்குது. நான் விடற வரைக்கும் அவர் காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்தது. "என்னங்க"ன்னு கூப்பிட்டே விட்டேன். வெட்கம்கெட்டுப் போய் எழுதுறேன் இதை.

அந்தச் சட்டையைப் பத்தி எனக்கு ஒண்ணு தெரியும், இப்போ சொல்ல மாட்டேன். நினைச்சுப் பார்க்கவே பிடிக்கல.

உயிரோட இருந்தா ஏன் வரல? அஞ்சு வருஷம் கழிச்சு எங்கேயோ கூட்டத்துல நின்னு வேடிக்கை பார்க்கத் தெரியுது, ஒரு போன் பண்ணத் தெரியலையா மனுஷனுக்கு? இப்படித் திட்டிக்கிட்டே எழுந்து டீ போட்டேன். ரெண்டு டம்ளர்ல ஊத்தியிருக்கேன். இப்போ மகள் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது டிவியைப் பார்த்து "வரேன்"னு சொல்லிட்டுப் போறா. டிவி அணைச்சுத்தான் இருக்கு. நானும் கண்டிக்கல.

அவர் இருக்கணும்னு ஆசையா இருக்கு. இருந்துடக் கூடாதுன்னும் வேண்டிக்கிறேன். இதை உன்னைத் தவிர யார்கிட்ட சொல்லுவேன்?

வக்கீலுக்கு போன் பண்ணி ஹியரிங்கைத் தள்ளிப் போடச் சொல்லிட்டேன். பல் செட்காரர் சரின்னு தலையாட்டினார். ஆனா அன்னிக்கு டீயைக் குடிக்காமலே போயிட்டார்.

அண்ணி

---

மார்ச் 13

அண்ணி,

கடிதத்தைப் படிச்சுட்டு ஆபீஸ்ல பார்சலுக்கு நடுவுல உட்கார்ந்து அழுதேன். எனக்குத் தலைகால் புரியல. நீங்களும் பார்த்துட்டீங்க! இனிமே நான் தனியா இல்ல.

சும்மா இருப்பேனா? லீவு போட்டுட்டு அந்தப் படத்துக்கு ஆள் அனுப்பின ஏஜெண்டைத் தேடிப் பிடிச்சேன். வாய் நிறைய பாக்கு, காதுல போன். "அந்தப் படத்துல ரெண்டே சீனுக்குத்தான் ஆள் கொடுத்தேன். தீப்பிடிக்கிற சீனுக்கு ஒரு ஆள்கூட நான் அனுப்பலையே"ன்னு அடிச்சுச் சொல்றார்.

புரியுதா அண்ணி? ஏஜெண்ட் அனுப்பலன்னா அந்த இடத்துலயே இருந்த ஜனங்க அவங்க. அண்ணன் அங்கேயே எங்கேயோ வாழ்றார். தலையில அடிபட்டு எல்லாம் மறந்துபோயிருக்கலாம். ஷூட்டிங் எங்க நடந்ததுன்னு விசாரிக்கிறேன். போட்டோவை எடுத்துக்கிட்டு வீடு வீடா போறேன். நீங்களும் வரீங்களா?

வாலு

---

மார்ச் 24

வாலு,

எங்கேயும் போகாதே. டிக்கெட் எடுத்திருந்தா ரத்து பண்ணு. உட்கார்ந்துகிட்டுப் படி.

பாக்கெட்.

ஆம்பளைங்க சட்டையில பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கும்? இடது நெஞ்சுல. நேத்து ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கணும், சட்டையைக் கழட்டச் சொன்னேன், பாக்கெட்லேர்ந்து சில்லறை கொட்டிச்சு. அங்கேயே எனக்கு உறைச்சது. வேலை முடிஞ்சதும் ஓடிவந்து டிவியைப் போட்டேன். அவர் சட்டையில பாக்கெட் வலது பக்கம். பக்கத்துல நிக்கிறவருக்கும் வலது. பின்னால தொப்பி போட்டவருக்கும் வலது. அந்தக் கூட்டத்துல எத்தனை ஆம்பளை இருக்காங்களோ அத்தனை பேருக்கும் பாக்கெட் வலது பக்கம், வாலு. அதுக்கு முந்தின ஷாட்ல எல்லாம் ஒழுங்கா இடது பக்கம் இருக்கு. அந்த ஒரு ஷாட்டை மட்டும் படம் எடுத்தவங்களே கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடம் வலமா திருப்பிப் போட்டிருக்காங்க.

அப்போ உன் கிளிப்புல எப்படி சரியா இருக்கு? நீயும் ஒரு தடவை திருப்பியிருக்கே. உன் பழைய வீடியோவுல கடை போர்டெல்லாம் மாறித் தெரியுதேன்னு நான் ஒரு தடவை கேட்டேன். "இது எங்க படம்னு கம்பெனிக்காரங்க மெஷின் கண்டுபிடிச்சு வீடியோவைத் தூக்கிடும் அண்ணி, திருப்பிப் போட்டா அதுக்குத் தெரியாது"ன்னு பெருமையா சொன்னே. திருப்பிப் போடற அந்த டிக் இன்னும் உன் புரோகிராம்ல இருக்கு. மாத்துற எல்லாத்தையும் அது திருப்பிக்கிட்டே இருக்கு. அவங்க ஒரு தடவை, நீ ஒரு தடவை. ரெண்டு தடவை திரும்பி முகம் நேரா வந்து நின்னுடுச்சு.

ஏன் திருப்பினாங்க? ஏன்னா அது அந்தப் படத்துக்கு எடுத்த ஷாட்டே இல்ல. பழைய படத்துலேர்ந்து எடுத்துச் செருகியிருக்காங்க. கட்டடம் ஒரு பக்கம் எரியுது, பழைய கூட்டம் வேற பக்கம் பார்க்குது, அதனால திருப்பிட்டாங்க. உன் ஏஜெண்ட் ஆள் அனுப்பாததும் அதனாலதான்.

சட்டையைப் பத்தி ஒண்ணு தெரியும்னு எழுதினேன் இல்ல? அது அவரோட சொந்தச் சட்டை. இஸ்திரி போடும்போது நான்தான் முதுகுல பொசுக்கினேன். வேன் விழுறதுக்கு எட்டு மாசம் முன்னாடியே அது தரை துடைக்கிற துணியாயிடுச்சு. முதல் நாள் பார்த்தப்பவே ஞாபகம் வந்தது. அதே மாதிரி வேற சட்டை வாங்கியிருப்பார்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். என்னை என்ன செய்யலாம் சொல்லு.

அந்தச் சட்டையோட அவர் நடிச்சது நாலு படம். மூணாவது படத்துல கிடைச்சது. மொட்டை மாடியில ஒருத்தன் குதிக்கப் போறேன்னு நிக்கிறான், கீழே கூட்டம் அண்ணாந்து பார்க்குது. நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே மாத்தி, ஒண்ணைத் திருப்பி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நகர்த்தினேன். முப்பதாவது ஃப்ரேம்ல முன்னால நிக்கிற பொம்பளை பை வாரை ஏத்திவிட்டுக்கிறா. ரெண்டுலயும் முப்பதுதான். நாப்பத்தி ஆறுல அவர் கை கழுத்துக்குப் போகுது. ரெண்டுலயும் நாப்பத்தி ஆறு. எழுபத்தி நாலு ஃப்ரேமும் ஒண்ணுதான், வாலு. ஒன்பது வருஷத்துக்கு முந்தினது.

ஆத்துல போனவர் இன்னிக்கு மறுபடியும் போயிட்டார். இந்தத் தடவை நானே என் கையால எண்ணிப் பார்த்து அனுப்பி வச்சேன்.

ஹியரிங் ஏப்ரல் பதினெட்டு. புதுப் படிவம் வச்சிருக்கேன். போடுறதும் போடாததும் உன் இஷ்டம். ஆனா அவரைப் பார்த்தேன்னு இனிமே எனக்கு எழுதாதே. தாங்க மாட்டேன்.

அண்ணி

---

ஏப்ரல் 2

அண்ணி,

டிக்கை எடுத்துட்டு மறுபடி மாத்திப் பார்த்தேன். தழும்பு வலது பக்கம் போயிடுச்சு. அந்த டிக் ஒண்ணு இருக்குன்னே எனக்கு மறந்துபோச்சு. அண்ணனோட கிளிப் அத்தனையும் இத்தனை வருஷமா மாறித்தான் இருந்திருக்கு. இவ்வளவு தடவை பார்த்தும் எனக்குத் தெரியல. இது மட்டும் ஏன் இவ்வளவு பரிச்சயமா இருக்குன்னு தோணினதுக்குக் காரணம் இதுதான் போல. முகம் நேரா இருந்தது.

உங்களை இவ்வளவு நாள் அலைக்கழிச்சதுக்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்கிறதுன்னு தெரியல.

கையெழுத்துப் போட்டுட்டேன். இதோட இருக்கு. ஆனா ஆறாவது கேள்வியில கை நின்னுடுச்சு. 'காணாமற்போனவருடன் கடைசியாகப் பேசியது எப்போது, எது குறித்து?' எல்லார்கிட்டயும் ஒரு வாரம் முன்னாடி பேசினேன்னு சொல்லியிருக்கேன். அது பொய். சத்தியம் பண்ணிக் கொடுக்கிற பேப்பர்ல மறுபடியும் பொய் எழுத முடியல. நிஜத்தை எழுதிட்டேன். வக்கீல் படிச்சு உங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

வேன் விழுறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் பேசினேன். மகளுக்குக் காய்ச்சல், நாளைக்கு ஷூட்டிங்குக்கு வரலன்னு கம்பெனிகிட்ட சொல்லிட்டேன்னார். நான் விடல. அது என் ஹீரோவோட படம். ஹீரோ கூட்டத்துக்கு நடுவுல நடந்து வர சீன். "இத்தனை படத்துல நின்னியே, ஒரு தடவை அவரோட ஒரே ஃப்ரேம்ல நில்லுண்ணா, எனக்காக"ன்னு கெஞ்சினேன். அழுதேன்கூட. அது மட்டும் இல்ல. "அவர் உன்னைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை கேமராவை நேரா பாரு. அங்கே நிறுத்தி என் பாட்டை முடிப்பேன்"னேன். "கேமராவைப் பார்த்தா டைரக்டர் செருப்பைக் கழட்டுவார்டி"ன்னு சிரிச்சார். அப்புறம், "சரி, உனக்காக ஒரு தடவை திட்டு வாங்கிக்கிறேன் போ"ன்னார்.

அதான் கடைசி.

அந்தப் படத்தை மட்டும் நான் வாங்கவே இல்ல. பார்த்தாரா பார்க்கலையான்னு எனக்குத் தெரியாது. நான் கூப்பிடலன்னா அண்ணன் வீட்ல இருந்திருப்பார். அவர் உயிரோட இருக்கணும்னு நான் ஒத்தைக் கால்ல நின்னதுக்கு வேற காரணமே இல்ல அண்ணி. அவர் இருந்தாத்தான் நான் அவரைக் கொல்லலன்னு ஆகும்.

இதுக்கப்புறம் நீங்க எனக்கு எழுதலன்னா நான் கோபப்பட மாட்டேன்.

வாலு

---

ஏப்ரல் 20

வாலு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சேன். வெளியில சிவப்பு விளக்கைப் போட்டுட்டா யாரும் வர மாட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலம் போன் யாருன்னு கேட்டேன். "கம்பெனி"ன்னார். காய்ச்சல்ல கிடக்கிற குழந்தையை விட்டுட்டுப் போறீங்களேன்னு சண்டை போட்டு, மூஞ்சியைக்கூடப் பார்க்காமத்தான் அனுப்பினேன். ஏழு வருஷமா அந்தக் கம்பெனியைச் சபிச்சேன். இப்போ உன்னைத் திட்டணும். திட்டினேன், ரூமுக்குள்ள நின்னு வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். நீ அழுதா அவர் எதுவும் செய்வார்னு தெரிஞ்சுதானே அழுதே?

ஆனா வேன் உன்னால விழல. டிரைவர் தூங்கினதுக்கு நீ பொறுப்பில்ல. இதை ஒரு தடவைதான் சொல்லுவேன், கேட்டுக்கோ.

அந்த ரூம்ல அழவும் அழுதேன். ஆனா அதுக்கு இல்ல.

அந்தப் படம் வந்த முதல் வாரம் நான் போனேன். மதியக் காட்சி, தனியா. யார்கிட்டயும் சொன்னதில்ல. உன் ஹீரோ நடந்து வரார். எல்லாரும் அவரைப் பார்த்துக் கை தட்டுறாங்க. பின்னால நம்ம ஆள். அவர் ஹீரோவைப் பார்க்கல. நேரா பார்த்தார். அரை செகண்ட்கூட இருக்காது. தியேட்டர்ல விசில் அடிக்கிறவங்க யாரும் கவனிக்கல. நான் கவனிச்சேன்.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? காலையில சண்டை போட்டுட்டு வந்துட்டோம், எப்படியும் அவ இந்தப் படத்தைப் பார்ப்பா, அப்போ பார்த்துக்கட்டும்னு எனக்காகப் பார்த்திருக்கார்னு நினைச்சேன். ஆறு வருஷம் அந்தப் பார்வையை வச்சுக்கிட்டுத்தான் காலையில எழுந்திருச்சேன். பல் செட்காரர் கேட்டப்போ சரின்னு சொல்லாம ரெண்டு வருஷம் இழுத்தடிச்சதும் அதாலதான். அப்படிப் பார்த்துட்டுப் போன மனுஷனை வச்சுக்கிட்டு எப்படி இன்னொருத்தருக்குச் சரின்னு சொல்றது?

அது உனக்கு. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டது. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த ரூம்லேர்ந்து நான் வெளியில வரதுக்குள்ள நாலு பேர் கதவைத் தட்டிட்டாங்க.

அந்தப் படத்தோட டிவிடியை வாங்கி, இறக்கி, மாத்தி, வெட்டி வச்சிருக்கேன். பதினோரு ஃப்ரேம். பென் டிரைவ் இதோட இருக்கு. அது உன்னோடது, எடுத்துக்கோ. டைரக்டர் திட்டியிருப்பார், பாவம்.

முந்தாநேத்து ஹியரிங். பல் செட்காரர் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். நீதிபதிக்கு நம்ம வயசுதான் இருக்கும், கண்ணாடி போட்ட அம்மா. உன் படிவத்தைப் படிச்சாங்க, ஒண்ணும் கேட்கல. அப்புறம் என்னைப் பார்த்து, "அந்தத் தேதிக்கு அப்புறம் அவர்கிட்டேர்ந்து உங்களுக்கு ஏதாவது வந்ததா? கடிதம், போன், ஆள் மூலமா, எந்த விதத்துலயாவது?"ன்னு கேட்டாங்க.

மார்ச் மாசம் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல.

"இல்லைங்கம்மா"ன்னேன். "எனக்கு எதுவும் வரல."

அவங்க எழுதிக்கிட்டாங்க.

அண்ணி